‘காய்ச்சலுக்குப் பின் ரத்த உறைவு பேக்கேஜ்’: புதுச்சேரி, கடலூர் லேப்களில் காசை நீட்டுவதற்கு முன்

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேராவது காய்ச்சலில் படுத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் லேப் வாசல் பேனரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இந்தப் பேக்கேஜ் தலைகாட்டும். வைரஸ் காய்ச்சல் வந்து போனவர்களுக்கு ரத்தம் உறைகிறதா, பக்கவாதம் வருமா, ஒரே ஊசிக் குத்தில் தெரிந்துகொள்ளலாம் என்பது விளம்பரம். வீட்டுக்கே வந்து எடுப்பார்கள், ராத்திரிக்குள் ரிப்போர்ட் போனில் வந்துவிடும், கேட்டால் ஒரு ‘ஆலோசனை’ போன்காலும் உண்டு.

உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலும் ஏழு அயிட்டம்: சி.பி.சி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), பி.டி - ஐ.என்.ஆர், ஏ.பி.டி.டி (இரண்டும் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைப் பார்ப்பவை), டி-டைமர், ஃபைப்ரினோஜன் (உறைவுக்கான புரதம்), சி.ஆர்.பி (அழற்சியின் அளவு), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு). இன்னும் காசைக் கூட்டினால் ‘கோல்டு’. அதில் உறைவை அடக்கிவைக்கும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், உறைவைத் தூண்டக்கூடிய எதிர்ப்புப் புரதமான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சேரும், கொசுறாகத் தைராய்டும் கொலஸ்ட்ராலும் வரும். லேப்புக்கு லேப் பெயரும் விலையும் மாறினாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எந்த லேப்பின் பெயரும் இங்கே வேண்டாம். சரக்கைத்தான் பிரித்துப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை வாங்குவது வீண். சீட்டு இருந்தால், அதில் எழுதியிருப்பதை மட்டும் தனியாக எடுங்கள். ஏழில் இரண்டு பரிசோதனை சிலருக்கு உண்மையிலேயே அவசியம், அது யாருக்கு என்பது கீழே வருகிறது. பக்கவாதம் வருமா என்பதற்கு மட்டும் இந்தப் பேக்கேஜில் எந்த டியூபும் பதில் சொல்லாது.

விளம்பரம் கிளப்பும் பயம் முழுப் பொய் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். வைரஸ் தொற்றுக்கும் ரத்த உறைவுக்கும் உறவு உண்டு. ரத்தக்குழாயின் உள்பக்கம் வழவழப்பான ஒரு செல் விரிப்பு இருக்கிறது. அது நன்றாக இருக்கும்வரை ரத்தம் ஒட்டாமல் ஓடும். தொற்று கிளப்பும் அழற்சியில் அந்த விரிப்பு சிராய்த்துப்போகிறது. கல்லீரல் அதே நேரத்தில் ஃபைப்ரினோஜனைக் கூடுதலாகச் சுரக்கிறது, ரத்தம் உறைய உதவும் மற்ற புரதங்களான எட்டாம் காரணியும் வான் வில்லிபிராண்ட் காரணியும் ஏறுகின்றன. நோயாளியோ நாள்கணக்கில் படுக்கையில், தண்ணீர் சரியாகக் குடிக்காமல். சிராய்த்த குழாய், கெட்டிப்பட்ட ரத்தம், நகராத கால் மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் உறைவுக்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

கோவிட் இதை உலகத்துக்கே காட்டியது. 2020 மார்ச், ஏப்ரலில் நியூயார்க்கில் இரண்டே வாரத்தில் 50 வயதுக்குக் கீழே ஐந்து பேருக்கு மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கோவிட் வந்த பத்து லட்சம் பேருக்கு மேல் கணக்கில் எடுத்த சுவீடன் ஆய்வு 2022-ல் வந்தது. காலின் ரத்தக்குழாயில் உறைவு வரும் அபாயம் 3 மாதம் வரையும், நுரையீரலில் அடைப்பு வரும் அபாயம் 6 மாதம் வரையும் கூடுதலாக இருந்ததாக அது காட்டியது. அதே ஆய்வில் ரத்தக்கசிவு அபாயமும் 2 மாதம் வரை கூடியிருந்தது. இந்தக் கடைசி வரி மட்டும் எந்தப் பேனரிலும் வராது.

கோவிட் ஒன்றுதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2018-ல் சொன்னது. அக்கி வந்த முதல் மாதத்தில், அதுவும் கண்ணைச் சுற்றி வந்தால், பக்கவாத அபாயம் ஏறுகிறது. சின்னம்மை போட்ட குழந்தைகளில் அரிதாகச் சிலருக்கு, அம்மை இறங்கி மாதங்கள் கழித்து, மூளைக்குப் போகும் தமனி வீங்கிச் சுருங்கி ஒரு பக்கம் விழுந்துவிடுவதும் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த ஒன்று.

நம் ஊர் மழைக்காலக் காய்ச்சலில் முன்னால் நிற்பது டெங்கு, அதன் போக்கோ பெரும்பாலும் நேர் எதிர். அதில் பயம் ரத்தம் உறைவதைவிட ரத்தம் கசிவதுதான். இரண்டையும் ஒரே பேனரில் ‘வைரஸ் காய்ச்சல்’ என்று அடைத்து ஒரே பேக்கேஜை நீட்டுவதுதான் இந்தச் சரக்கின் முதல் கோளாறு.

இனி பேக்கேஜின் நாயகன் டி-டைமர்.  ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் நூலால் வலை பின்னப்படுகிறது. வேலை முடிந்ததும் உடம்பே பிளாஸ்மின் என்ற கத்தரியை எடுத்து அந்த வலையை வெட்டுகிறது. வெட்டி விழுந்த துணுக்குதான் டி-டைமர். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வலை பழுது பார்க்கும் இடத்தில் தரையெல்லாம் நைலான் துணுக்கு கிடக்கும். அதைப் பார்த்தால் இங்கே வலை அறுத்திருக்கிறார்கள் என்று தெரியும், எந்தப் படகின் வலை, எதற்காக அறுத்தார்கள் என்று தெரியாது. டி-டைமரும் அவ்வளவுதான் சொல்லும். காய்ச்சல், நிமோனியா, பிரசவம், அறுவைசிகிச்சை, புற்றுநோய், கல்லீரல் நோய், வெறும் முதுமை, எதிலும் அது ஏறும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு ஏறாமல் இருந்தால்தான் வியப்பு.

ஆகவே ஏறியிருந்தால் உறைவு இருக்கிறது என்று பொருள் இல்லை. அதன் உண்மையான பயன் மறுபக்கத்தில். நோயாளியைப் பார்த்த டாக்டருக்குக் காலின் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ உறைவு இருக்குமோ என்று லேசான சந்தேகம். அப்போது டி-டைமர் அளவுக்குக் கீழே இருந்தால் ஸ்கேன் இல்லாமலே அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிடலாம். சந்தேகம் பலமாக இருந்தால் டி-டைமருக்கு வேலை இல்லை, நேரே காலுக்கு டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கு சி.டி ஆன்ஜியோ ஸ்கேன். சந்தேகமே இல்லாத ஆளிடம் எடுத்தால் மிஞ்சுவது ஒரு சிவப்பு எழுத்து எண்ணும் அன்று ராத்திரித் தூக்கம் கெடுவதும்தான். மூளைத் தமனி அடைப்பில் இந்த விலக்கும் பயன்கூட நம்பகமாகக் கிடையாது. அங்கே டி-டைமர் இயல்பாக இருந்தும் பக்கவாதம் இருக்கலாம்.

அடுத்தது ரத்தம் எடுக்கும் சேவை. மற்ற பரிசோதனைகளில் சிறு கவனக்குறைவு மன்னிக்கப்படும், உறைவுப் பரிசோதனையில் படாது. நீல மூடி டியூபைக் கையில் வாங்கிப் பாருங்கள். அடியில் சொட்டு அளவு தெளிந்த நீர் தெரியும். அது 3.2 சதவீத சோடியம் சிட்ரேட். 2.7 மி.லி ரத்தம் பிடிக்கும் டியூபில் 0.3 மி.லி சிட்ரேட் இருக்கும், ஒன்பதுக்கு ஒன்று. சிட்ரேட் ரத்தத்தின் கால்சியத்தைக் கட்டிப்போட்டு உறையாமல் வைக்கிறது. லேப்பில் அளந்த கால்சியத்தைச் சேர்த்து, எத்தனை வினாடியில் உறைகிறது என்று கருவி பார்க்கிறது. டியூப் முக்கால்தான் நிறைந்திருந்தால் ரத்தத்துக்குச் சிட்ரேட் அதிகமாகிவிடும், சேர்க்கும் கால்சியத்தையும் அது விழுங்கிவிடும், உறையும் நேரம் நீளும். உடம்பில் ஒரு குறையும் இல்லாதவருக்கு ‘பி.டி நீண்டுள்ளது’ என்று ரிப்போர்ட் வரும். டியூபின் ஓரத்தில் ஒரு கோடு இருக்கும், ரத்தம் அந்தக் கோட்டைத் தொட வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அந்த டியூபைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வரும் சேவையில் இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. வண்டியில் வரும் தம்பிக்கு அன்று காலையில் பதினைந்து வீடு இருக்கும். 5 மி.லி சிரிஞ்சில் ஒரே இழுப்பாக எடுத்து, ஊசியை வைத்துக்கொண்டே டியூப் டியூபாகப் பங்கு வைப்பார். முதலில் கைக்கு வருவது சி.பி.சி-க்கான ஊதா மூடி, கடைசியில் மிஞ்சுவது நீலத்துக்கு. இதில் மூன்று தப்பு. சிரிஞ்சிலேயே ரத்தம் நின்று நுண்ணிய கட்டி விழ ஆரம்பித்திருக்கும். கட்டி விழுந்தால் உறைவுக் காரணிகள் அங்கேயே செலவாகி நேரம் நீளும், டி-டைமர் பொய்யாக ஏறும். ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் ஈ.டி.டி.ஏ என்ற ரசாயனம் ஊசி நுனியில் ஒட்டி நீலத்துக்குள் போனால் அதுவும் கால்சியத்தைப் பிடிக்கும். மிச்சத்தில் நிரப்பிய நீலம் கோட்டைத் தொடாது. நீலம் முதலில், பிறகு சீரம் டியூப், அதற்குப் பிறகே ஊதா, கடைசியில் சர்க்கரைக்கான சாம்பல் நிறம் என்பதுதான் முறை. ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) இருந்தால் அது மட்டும் நீலத்துக்கும் முன்னால்.

வாக்யூம் டியூபும் பட்டாம்பூச்சி ஊசியும் கொண்டுவரும் லேப்கள் பரவாயில்லை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டாம்பூச்சி ஊசியின் குழாயில் இருக்கும் காற்று முதல் டியூபுக்குள் போய் இடத்தை அடைத்துக்கொள்ளும், ரத்தம் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். அதற்காக ஒரு வெற்று டியூபை முதலில் மாட்டிக் கழித்துவிட வேண்டும். இதைச் செய்கிற தம்பியைக் கண்டால் அந்த லேப்பை நம்பலாம், பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். எடுத்தபின் டியூபை மூன்று நான்கு முறை மெல்லத் தலைகீழாகப் புரட்டினால் போதும். சோடா பாட்டில் மாதிரிக் குலுக்கினால் சிவப்பணு உடையும்.

பிறகு பயணம். பாகூர், கன்னியக்கோயில், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று சுற்றிவிட்டு மத்தியானத்துக்கு மேல் லேப்புக்குப் போகும் தெர்மாகோல் பெட்டியில் நீல டியூபின் கதி என்ன? ஏ.பி.டி.டி-க்கு எடுத்த நேரத்திலிருந்து 4 மணி நேரம்தான் கெடு. ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டிருப்பவர் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். பி.டி ஒரு நாள்வரை தாங்கும், டி-டைமரும் ஓரளவு தாங்கும். ஐஸ் பேக்கோடு ஒட்டி வைப்பதும் தப்பு. குளிரில் ஏழாம் காரணி தானாகக் கிளர்ந்துகொள்ளும், வான் வில்லிபிராண்ட் காரணி குறையும். நீல டியூபுக்கு வேண்டியது 18 முதல் 24 டிகிரி, அதாவது ஏ.சி அறைச் சூடு. சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் அனுப்பும் லேப்கள் இங்கேயே சுழற்றி, பிளாஸ்மாவை உறையவைத்து அனுப்பினால் சரி. டியூபை அப்படியே அனுப்பினால் ஏ.பி.டி.டி-க்குக் கொடுத்த காசு பஸ்ஸோடு போயிற்று.

ரிப்போர்ட்டில் நடக்கும் கூத்துக்கு ஒரு மாதிரி. ஒரே வாரத்தில் இரண்டு லேப்பில் எடுத்த இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் டி-டைமர் 0.8, இன்னொன்றில் 400. வீட்டில் அழுகை. உண்மையில் இரண்டும் ஒரே அளவு. டி-டைமரை அளக்க எஃப்.இ.யு, டி.டி.யு என்று இரண்டு கணக்கு உண்டு. முதல் தாளின் அலகு மைக்ரோகிராம், எஃப்.இ.யு கணக்கு. இரண்டாவது நானோகிராம், டி.டி.யு கணக்கு. ஒரு மைக்ரோகிராம் ஆயிரம் நானோகிராம், எனவே 0.8 என்பது 800. எஃப்.இ.யு ஏறக்குறைய டி.டி.யு-வின் இரண்டு மடங்கு, எனவே 800 எஃப்.இ.யு என்பது 400 டி.டி.யு. எல்லைக்கோடு எஃப்.இ.யு-வில் 500 என்றால் டி.டி.யு-வில் 250 பக்கம். எஃப்.இ.யு, டி.டி.யு என்ற எழுத்தே இல்லாமல் வெறும் எண்ணை அச்சடித்துத் தரும் லேப்கள் இருக்கின்றன. அந்தத் தாளை வைத்து எந்த டாக்டரும் முடிவெடுக்க முடியாது. கவுன்டரில் திருப்பிக் கொடுத்து, அலகு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கையும் பேக்கேஜ் ரிப்போர்ட் சொல்வதில்லை. 50 வயதைத் தாண்டியவருக்கு வயதைப் பத்தால் பெருக்கினால் வருவது எஃப்.இ.யு-வில் எல்லை. 72 வயது ஆயாவுக்கு 720 வரை ஏற்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் 500-க்கு மேல் எல்லாவற்றையும் சிவப்பாக்கி ‘ஹை’ என்று போடும். 680 வந்த ஆயாவைத் தூக்கிக்கொண்டு குடும்பமே ஓடும்.

சி.பி.சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெங்கு பருவத்தில் இந்தப் பேக்கேஜில் உருப்படியான இரண்டில் இது ஒன்று. அதிலும் எல்லோரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். பக்கத்து வரியில் இருக்கும் ஹிமட்டோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்பதை, யாரும் பார்ப்பதில்லை. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போது, பெரும்பாலும் 3-ம் நாளிலிருந்து 7-ம் நாளுக்குள் வருகிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்தால் ஹிமட்டோகிரிட் ஏறும். அவருடைய வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் கசிவு என்று பொருள், 40 இருந்தவருக்கு 48. எனவே ஒரே ஒரு நாள் எடுத்த பேக்கேஜைவிட, தினம் ஒரு சாதாரண சி.பி.சி பல மடங்கு உதவும், விலையும் குறைவு. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு, இதில் ஒன்று இருந்தாலும் எண்ணுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

பிளேட்லெட்டிலும் ஒரு கண்கட்டு உண்டு. சிலருடைய ரத்தத்தில் ஊதா டியூபின் ஈ.டி.டி.ஏ பட்டதும் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கருவி ஒரு கொத்தைப் பிளேட்லெட் என்றே எண்ணாது. 2 லட்சம் இருப்பவருக்கு 40,000 என்று வந்துவிடும். ஸ்லைடில் ஒரு சொட்டைத் தடவி (இதுதான் ஸ்மியர்) மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்து தெரியும். அப்படிப்பட்டவருக்கு நீல டியூபில் எடுத்து எண்ணி, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்க வேண்டும், சிட்ரேட் நீர் கலந்ததற்கு ஈடு. உடம்பு நன்றாக இருக்க எண் மட்டும் திடீரென்று விழுந்தால், ‘ஸ்மியர் பார்த்தீர்களா சார்?’ என்று கேளுங்கள். கேட்டவுடன் பார்த்துச் சொல்லும் லேப் நல்ல லேப். ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் பிளேட்லெட் ஏற்றுவது பற்றிப் பொதுவாக யோசிப்பார்கள். 60,000-ஐப் பார்த்து ரத்த வங்கிக்கு ஓட வேண்டியதில்லை.

உருப்படியான இன்னொன்று ஐ.என்.ஆர். இது எல்லோருக்கும் அல்ல. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது நம் ஊரில் அதிகம் எழுதும் அசினோகுமரால் சாப்பிடுபவர்களுக்கு: இதய வால்வு மாற்றியவர்கள், ஏற்கெனவே உறைவு வந்தவர்கள், சிலவகை இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள். இவர்களுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் ஐ.என்.ஆர் ஏறி இறங்கும். சாப்பாடு இறங்காது, கீரை போன வழி தெரியாது, வைட்டமின் கே குறையும். காய்ச்சலுக்கு நாள்கணக்கில் பாரசிட்டமால் போகும், அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய ஆன்டிபயாடிக் சேர்ந்தால் இன்னும் மோசம். கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல் இரண்டும் இதில் பேர்போனவை. பொதுவாக 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டியது, மைட்ரல் உலோக வால்வுக்காரருக்கு 2.5-லிருந்து 3.5. புது மருந்து தொடங்கி 3 முதல் 5 நாளுக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதற்கு ஒரு நீல டியூப் போதும், பேக்கேஜ் வேண்டாம். பப்பாளி இலைச் சாறோ நிலவேம்புக் குடிநீரோ குடிப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்தால் எண் ஏன் ஆடுகிறது என்று அவருக்குப் புரியாது.

புதிய வகை மாத்திரைகளான ரிவரொக்சபான், அபிக்சபான் சாப்பிடுபவர்களுக்கு ஐ.என்.ஆர் அளவாகப் பயன்படாது. எனாக்சபரின் ஊசிக்கு ஏ.பி.டி.டி பயன்படாது. பேக்கேஜ் விற்பவர் இதைக் கேட்பதே இல்லை. பில் போடும் படிவத்தில் ‘என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று ஒரு வரிகூடக் கிடையாது.

கோல்டு பேக்கேஜுக்குப் பெரிய வார்த்தை வேண்டாம். வாங்காதீர்கள். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் தொற்றுக்குப் பின் பலருக்குத் தற்காலிகமாக வந்து போகும், 12 வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால்தான் அர்த்தம். சி.ஆர்.பி ஏறியிருக்கும்போது சில பரிசோதனை ரசாயனங்களில் அது பொய்யாகவே பாசிட்டிவ் காட்டும். வார்ஃபரின் சாப்பிடுபவருக்குப் புரோட்டீன் சி, எஸ் இரண்டும் மருந்தாலேயே குறைந்திருக்கும். காய்ச்சல் விட்ட வாரத்தில் இந்த மூன்றையும் பார்ப்பது, வெள்ளத்தின் நடுவில் நின்றுகொண்டு கிணற்று நீர்மட்டத்தை அளப்பதைப் போன்றது.

‘ஆலோசனை’ போன்கால்தான் இந்தச் சேவையில் ஆபத்தான பகுதி. டி-டைமர் சிவப்பில் இருந்தால், ‘எதற்கும் ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கோங்க அக்கா, ரத்தம் இளகும்’ என்ற அறிவுரை தாராளமாகக் கிடைக்கிறது. வந்தது டெங்கு என்றால் ஆஸ்பிரின் பிளேட்லெட்டைச் செயலிழக்கச் செய்து ரத்தக்கசிவைத் தூண்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, பாரசிட்டமால் மட்டும். இதய நோய்க்கு ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் தானாக நிறுத்தவும் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். கோவிட் வந்து வீட்டிலேயே இருந்தவர்களுக்கு ஆஸ்பிரினும் அபிக்சபானும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. எதிர்பார்த்ததைவிட மிகச் சிலருக்கே உறைவு வந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்த நோயாளிக்குக் கொடுக்கும் ஊசி வேறு கணக்கு. அதை வீட்டுக்காரர்கள் போனில் கேட்டுத் தொடரக் கூடாது.

பக்கவாதத்துக்கு வருவோம். பேனரில் பெரிய எழுத்தில் இருப்பது அதுதான். வாய் ஒரு பக்கம் கோணுகிறது, இரண்டு கையையும் நீட்டச் சொன்னால் ஒன்று தாழ்கிறது, பேச்சு குழறுகிறது. இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தால் லேப்புக்குப் போன் போடக் கூடாது, 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான் அவகாசம். ஊசிக்கு முன் சி.டி ஸ்கேன் எடுத்து, அடைப்பா கசிவா என்று பார்த்தாக வேண்டும். பெரும்பாலான நோயாளிக்கு அதற்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஒன்றே ஒன்று, சர்க்கரை. அது தாழ்ந்தாலும் பக்கவாதம் மாதிரியே இருக்கும். பேக்கேஜில் சர்க்கரை இல்லை என்பதைக் கவனியுங்கள். டெங்கு நோயாளி அல்லது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால் பிளேட்லெட்டும் ஐ.என்.ஆரும் பார்ப்பார்கள். பிளேட்லெட் 1 லட்சத்துக்குக் கீழே, ஐ.என்.ஆர் 1.7-க்கு மேலே என்றால் அந்த ஊசி போட முடியாது. பெரிய குழாய் அடைப்பில் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சைக்குத் தேர்ந்த நோயாளிகளில் 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 19 லட்சம் நரம்பணு போய்க்கொண்டிருக்கும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கோரிமேடு ஜிப்மருக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. முள்ளோடை, அரியாங்குப்பம் நெரிசலில் சனி ஞாயிறு என்றால் அது நீளும். எனவே ‘எங்கே போகலாம்’ என்று கூடிப் பேசுவதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், 24 மணி நேர சி.டி எங்கே இருக்கிறது என்று ஆம்புலன்ஸ்காரரிடம் கேட்டு அங்கே போவது மேல். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் கெடுத்துவிடும். வாயில் தண்ணீர்கூட வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும். பிரஷர் எகிறியிருக்கிறது என்று நாக்கடியில் மாத்திரை வைக்காதீர்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்தபோது வாய் கோணியிருந்தால், ‘எழுந்த நேரம்’ கணக்கில் வராது, படுத்த நேரம்தான்.

கால் உறைவுக்கும் பேக்கேஜைவிட நல்ல கருவி வீட்டிலேயே இருக்கிறது, தையல்காரர் டேப். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு எலும்பு மேடு தட்டுப்படும். அதிலிருந்து 10 செ.மீ கீழே இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ-க்கு மேல் பெருத்திருந்தால், அதோடு வலியும் சூடும் இருந்தால், அன்றைக்கே டாக்டர். காலை உருவிவிடுவது, எண்ணெய் போட்டு நீவுவது கூடாது. திடீர் மூச்சுவாங்கல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, ரத்தம் கலந்த சளி என்றால் டேப்பும் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு.

இவ்வளவுக்குப் பிறகும் டாக்டர் டி-டைமரோ ஐ.என்.ஆரோ எழுதிக் கொடுத்திருந்தால், கவுன்டரில் நாலு கேள்வி கேட்டுவிட்டு எடுங்கள். உறைவுப் பரிசோதனை இங்கேயே ஓட்டுகிறீர்களா, வெளியூர் அனுப்புகிறீர்களா? எடுத்த எத்தனை மணி நேரத்தில் சுழற்றுவீர்கள்? லேப்களுக்குத் தேசிய அளவில் தரும் என்.ஏ.பி.எல் தரச் சான்றிதழ் இருந்தால், அதில் உறைவுப் பரிசோதனை சேர்ந்திருக்கிறதா? சான்றிதழ் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும், பட்டியலில் டி-டைமர் இருக்காது, இதுவும் நடக்கிறது. லேப்களின் தரத்தை வெளியிலிருந்து சரிபார்க்க வேலூர் சி.எம்.சி நடத்தும் சோதனையில் சேர்ந்திருக்கிறோம் என்று ஒரு லேப் சொன்னால் அது கூடுதல் தெம்பு. நாலாவது கேள்வி: நீல டியூப் கோட்டைத் தொடவில்லை என்றால் திரும்ப எடுப்பீர்களா, அதற்குத் தனிக் காசா? முகம் சுளிக்காமல் ‘காசு வேண்டாம்மா, நாங்களே வந்து எடுத்துக்கிறோம்’ என்று சொல்லும் இடத்தில் கையை நீட்டுங்கள்.